ஏசி சீசன் மே மாதம் தொடங்குவதில்லை: திருச்சி சர்வீஸ் கடைகள் தையிலேயே தயாராக வேண்டியது ஏன்?

மே முதல் வாரம், மதியம் 2 மணி. தில்லைநகரில் ஓர் ஏசி சர்வீஸ் கடை. போன் ஓயாமல் அடிக்கிறது.

"தம்பி, காலைல பத்து மணிக்கு ஆள் அனுப்புறேன்னு சொன்னீங்க. மணி ரெண்டாச்சு. வீட்டுல வயசானவர் இருக்கார்ப்பா." ஸ்ரீரங்கத்தில் இருந்து பேசும் அம்மாவின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

"கிளம்பிட்டாங்கம்மா. காவிரிப் பாலத்துல டிராஃபிக். அரை மணி நேரத்துல வந்துடுவாங்க."

உண்மையில் மெக்கானிக் பாலத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. கே.கே.நகரில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி சன்ஷேடில் நின்று, கை வைக்க முடியாத சூட்டில் அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் இருந்து அவருக்கு இது ஐந்தாவது வீடு. லிஸ்டில் இன்னும் ஆறு பாக்கி.

அக்னி நட்சத்திர நேரத்தில் திருச்சியின் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய இதுதான். வாடிக்கையாளர் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார். கடைக்காரர் பொய் சொல்லிச் சமாளிக்கிறார். மெக்கானிக் சாப்பிடாமல் வெயிலில் நிற்கிறார். மூன்று பேருமே கெட்டவர்கள் கிடையாது. நான்கு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலையை மூன்று பேரும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதை மாற்ற முடியுமா? முடியும். அதற்குப் புதிய ஆப் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் காலண்டரும், "இன்னைக்கு முடியாதுங்க" என்று சொல்லும் துணிச்சலும் இருந்தால் போதும்.

தேதி போட்டு வரும் வெயில்

புயல் எந்த வாரம் வரும் என்று ஜனவரியில் யாராலும் சொல்ல முடியாது. திருச்சி வெயில் அப்படி இல்லை. அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் என்பது தினசரி காலண்டரிலேயே அச்சாகி வருகிறது. மாசி முடியும்போதே சூடு ஏறத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இந்த ஊருக்குப் புதிதில்லை. மாலையில் வந்து காப்பாற்றக் கடற்காற்றும் கிடையாது. வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேரும் வரை, காவிரியில் பெரும்பாலும் மணல்தான்.

ஸ்ரீரங்கம் கோயில்கூட கோடைக்குத் தேதி குறித்து வைத்திருக்கிறது. சித்திரையில் நம்பெருமாளுக்குக் கோடைத் திருநாள் நடக்கும். இதே ஊரில் தை, பங்குனி, சித்திரை என்று மூன்று தேர் ஓடும். ஏசி தொழிலில் இருப்பவருக்கு இதைவிட நல்ல காலண்டர் கிடைக்காது.

தைத் தேருக்குள் சர்வீஸ் வேலையை ஆரம்பிக்கணும். பங்குனித் தேருக்குள் பழைய வாடிக்கையாளர் வீடுகள் அத்தனையும் முடிந்திருக்கணும். சித்திரைத் தேர் வரும்போது அவசர அழைப்புகளுக்கு மட்டும் ஆள் கையில் இருக்கணும். நடைமுறையில் பல கடைகள் சித்திரை பிறந்த பிறகுதான் ஏணியையே தேடுகின்றன.

அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளில் இந்தத் தொழிலுக்கு ஆண்டுக்கு இரண்டு சீசன். குளிர்காலத்தில் ஹீட்டர், கோடையில் ஏசி. நடுவில் வரும் வசந்தமும் இலையுதிர் காலமும் பராமரிப்புக்கு. திருச்சியில் அந்த வசதி இல்லை. மார்கழியில் வரும் நான்கைந்து கீசர் ரிப்பேரை விட்டால் ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு கோடையில்தான் வந்தாகணும். ஒரே சீசனை நம்பி இருக்கும் தொழில், அந்த சீசனுக்கு முந்தைய மாதங்களைத் தூங்கிக் கழிக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஓர் உதாரணக் கடையை எடுத்துக்கொள்ளலாம். அதன் வாடிக்கையாளர் வீடுகளில் மொத்தம் 600 ஏசி. கடையில் மெக்கானிக் ஒருவர், ஹெல்ப்பர் ஒருவர் என்று மூன்று ஜோடி. ஓர் ஏசியை ஒழுங்காகத் தண்ணீர் அடித்து சர்வீஸ் செய்ய, பயண நேரம் போக, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரு ஜோடி ஒரு நாளில் 5 ஏசி பார்க்கலாம். மூன்று ஜோடிக்கு 15.

600 ஏசிக்கு 40 வேலை நாள். பொங்கல் லீவு முடிந்து ஜனவரி 20 வாக்கில் தொடங்கி, ஞாயிறு விடுமுறையும் விட்டால்கூட மார்ச் முதல் வாரத்தில் எல்லா வீடும் முடிந்துவிடும். யாரும் ஓட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம்.

அதே 600 பேரும் அக்னி நட்சத்திரத்தில் கூப்பிட்டால்? ஞாயிறுகூட லீவு இல்லாமல் 25 நாளும் வேலை செய்தாலும் 375 ஏசிதான் முடியும். மீதி 225 வீடுகளுக்கு அக்னி முடிந்த பிறகுதான் ஆள் போகும். எந்த வாடிக்கையாளரும் அதுவரை பொறுக்க மாட்டார். அதனால் கடை ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கிறது: ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு 5 என்பதை 9, 10 என்று ஏற்றிவிடுகிறது.

கைகளும் மணி நேரமும் அதேதான் என்றால் எதையாவது குறைத்தாக வேண்டும். வேலைதான் குறைகிறது. ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டு உள்ளே காயிலைத் தொடாமல் விடுவது, அவுட்டோர் யூனிட் பக்கமே போகாமல் இருப்பது, டிரெயின் பைப்பை ஊதிப் பார்க்காமல் கிளம்புவது. காசு முழுசாகக் கொடுத்தவருக்குப் பாதி சர்வீஸ்தான் கிடைக்கிறது. பத்து நாளில் உள்ளே தண்ணீர் சொட்டினால் அதே மெக்கானிக் அதே வீட்டுக்கு மறுபடி ஓடணும். அந்த ஓட்டத்துக்குக் கடைக்குக் காசும் கிடையாது.

2024-ம் 2025-ம் கற்றுத் தந்தது

"சீசனுக்குத் தயாராவது" என்றால் பல கடைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சரக்குதான். கடன் வாங்கிப் புது ஏசிகளை அடுக்கி வைப்பது. கடந்த இரண்டு கோடைகளைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது புரியும்.

2024 கோடை கொளுத்தியது. தமிழகத்தின் மின் தேவை அந்த ஆண்டு மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. ஏசி விற்பனை நாடு முழுக்க எகிறியது. பல ஊர்களில் கேட்ட மாடல் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் மாட்டித் தர ஆள் கிடைக்கவில்லை.

அதை நம்பி 2025-க்கு நிறுவனங்களும் டீலர்களும் சரக்கைக் குவித்தார்கள். கோடை மழை குறுக்கே வந்தது. தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் தொடங்கியது அந்த ஆண்டுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் ஏசி விற்பனை சரிந்ததாகப் பெரிய நிறுவனங்களே அறிவித்தன. பிறகு செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்பது சின்னக் கடைக்காரரின் கையில் இல்லவே இல்லை.

சர்வீஸ் வேலை அப்படியில்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஏசியில் தூசி படியத்தான் செய்யும். கெபாசிட்டர் பலவீனமாகத்தான் செய்யும். அவுட்டோர் யூனிட்டின் போர்டில் பல்லி புகுந்து ஷார்ட் ஆகத்தான் செய்யும். சின்னக் கடைகள் பணத்தைப் போட வேண்டிய இடம் ஷோரூமைவிட அந்த 600 வீடுகள்தான்.

'கேஸ் இறங்கிடுச்சு சார்'

அவசர சீசனில் வாடிக்கையாளர் அதிகம் கேட்கும் வசனம் இது. வருஷா வருஷம் கேஸ் போட்டே ஆகணும் என்று பலர் நம்பவும் தொடங்கிவிட்டார்கள். வண்டிக்கு பெட்ரோல் மாதிரி ஏசிக்கு கேஸ் என்று ஒரு நினைப்பு.

ஏசியில் இருக்கும் கேஸ் செலவாகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, மறுபடி திரவமாகி, சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்துப்போய் வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. அது குறைந்திருந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பைப் சேரும் இடத்தில், இல்லையென்றால் அரித்துப்போன காயிலில்.

சரியான முறை இதுதான். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்து லீக்கைக் கண்டுபிடிக்கணும். அதை அடைக்கணும். வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கணும். பிறகு, யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்டிருக்கும் எடைக்கு, தராசில் வைத்துப் பார்த்து கேஸ் ஏற்றணும். இதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும்.

மே மாதத்தில் அந்த இரண்டு மணி நேரம் யாரிடமும் இல்லை. லீக்கை அப்படியே விட்டுவிட்டு மேலே கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஏசி உடனே ஜில்லென்று ஓடும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். அடுத்த கோடையில் மறுபடி அதே வசனம்.

இதில் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் இருக்கும் பழைய வீடுகள் நீளமானவை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். அவுட்டோர் யூனிட் மாட்டப் பக்கவாட்டில் இடம் இருக்காது. மொட்டை மாடிக்கோ கொல்லைப்புறத்துக்கோ பைப்பை இழுத்துப் போகணும். பைப் நீளம் கூடினால் கேஸின் அளவும் கூடும். நடுவில் இணைப்புப் போட்டால் லீக் ஆகும் இடங்களும் கூடும். இந்த வீடுகளைப் பொறுமையாகப் பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

கேஸின் வகையும் மாறிவிட்டது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22, ஓசோன் படலத்தை அரிப்பது. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030-க்குள் இந்தியா அதைக் கைவிட்டாகணும். இப்போது வரும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. ஓசோனுக்குப் பாதிப்பில்லை. ஆனால் ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது அது 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மேலும் அது லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ். ஆர்-22 காலத்தில் பழகிய கை, அதே பழக்கத்தில் மூடிய அறைக்குள் நெருப்பு வைத்து வேலை பார்த்தால் ஆபத்து.

இந்த வகை கேஸ்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. 2028-ல் உச்ச வரம்பு, 2032 முதல் படிப்படியாகக் குறைப்பு. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. அப்படிப்பட்ட பயிற்சிக்கு ஒரு மெக்கானிக்கை அனுப்ப முடிவது எப்போது? மே மாதத்திலா? நவம்பரிலும் டிசம்பரிலும், மழையில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போதுதான்.

மாடியில் நிற்பவரின் உயிர்

2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாக் பகுதியில், மாடியில் இருந்து ஓர் ஏசி அவுட்டோர் யூனிட் கீழே விழுந்து, தெருவில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த 18 வயது இளைஞர் இறந்தார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. ஒரு வாரம் பேசிவிட்டு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

திருச்சியின் எந்தத் தெருவில் நின்று மேலே பார்த்தாலும் துருப்பிடித்த இரும்பு ஸ்டாண்டுகளில் அவுட்டோர் யூனிட்டுகள் தொங்குவது தெரியும். சீசனுக்கு முந்தைய சர்வீஸில் ஸ்டாண்டின் போல்ட்டைப் பார்ப்பது கட்டாயமாகணும். துரு ஏறியிருந்தால் ஸ்டாண்டை மாற்றாமல் ஏசியைத் தொட மாட்டோம் என்று கடை சொல்லணும்.

அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரைப் பற்றியும் பேசியாகணும். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் சன்ஷேடில் இறங்குவது இங்கே சாதாரணம். "பழகிடுச்சுண்ணே" என்பதுதான் பதில். லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டர் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றினால் அது கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இது தெரிந்த மெக்கானிக்கும் அவசரத்தில் கையில் இருப்பதை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. நைட்ரஜன் சிலிண்டர் எப்போதும் வண்டியில் இருந்தால் அந்த யோசனையே வராது. அதை வாங்கி வைப்பது கடைக்காரரின் வேலை.

எல்லாவற்றுக்கும் மேல் வெயில். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஒவ்வொரு கோடையிலும் மதியம் 12 முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள் என்று அரசு சொல்கிறது. ஊரையே குளிர வைக்கிற மெக்கானிக் அந்த மூன்று மணி நேரமும் மொட்டை மாடியில், சூடான காற்றை ஊதும் இயந்திரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குத் தீர்வு சிக்கலானது இல்லை. கோடையில் வேலை நேரத்தை மாற்றணும். காலை 6.30 முதல் 11.30 வரை, மாலை 4 முதல் 7.30 வரை. நடுவில் கடைக்குள் உட்கார்ந்து செய்யும் போர்டு ரிப்பேர், மோட்டார் வேலை. விடியும் முன்பே வாசல் தெளித்துக் கோலம் போடும் ஸ்ரீரங்கத்தில், காலை 7 மணிக்கு மெக்கானிக் மணி அடித்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கு ஈஎஸ்ஐ கட்டாயம் இல்லை. பெரும்பாலான ஏசி சர்வீஸ் கடைகள் அந்த அளவில்தான் இருக்கின்றன. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வங்கிக் கணக்கு இருந்தால் போதும். ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கு மொத்தச் செலவு 120 ரூபாய். 2 லட்சம் பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதைக்கூடச் செய்யாத கடை, வேறு எதைச் செய்யும்?

ஷட்டருக்குள் என்ன இருக்கணும்?

சீசனில் பாதி நேரம் போவது பொருள் தேடுவதில். ஒரு கெபாசிட்டருக்காக மெக்கானிக் மாடியில் இருந்து இறங்கி, கடைக்கு வந்து, மறுபடி போனால் ஒரு மணி நேரம் காலி. அடிக்கடி போகும் பொருட்கள் எவை என்பது போன வருஷத்து பில் புத்தகத்திலேயே இருக்கிறது. கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார், காப்பர் பைப், இன்சுலேஷன், டிரெயின் பைப், ஃப்ளேர் நட், பொது ரிமோட். பிப்ரவரிக்குள் இவை ஒவ்வொரு வண்டியிலும் இருக்கணும். வேக்யூம் பம்ப்பில் எண்ணெய் மாற்றியாச்சா, தராசு சரியாகக் காட்டுகிறதா, ஜெட் பம்ப் ஓஸில் ஓட்டை இருக்கிறதா, ஏணியின் கால் ஆடுகிறதா என்பதையும் அப்போதே பார்க்கணும்.

அடுத்தது அந்த நோட்டு. வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதினால் போதாது. எந்த பிராண்ட், எத்தனை டன், எந்த கேஸ், எப்போது மாட்டியது, கடைசியாக கேஸ் ஏற்றியது எப்போது, அவுட்டோர் யூனிட் எந்த மாடியில், ஏணி வேண்டுமா, வீட்டில் முதியவர் அல்லது கைக்குழந்தை இருக்கிறதா. மொபைலில் ஒரு ஷீட் போட்டாலும் சரி, நாற்பது பக்க நோட்டில் எழுதினாலும் சரி. இரண்டு வருஷம் தொடர்ந்து கேஸ் ஏற்றிய வீடு கண்ணில் பட்டால், லீக்கை விட்டுவிட்டோம் என்று கடைக்கே புரியும்.

மூன்றாவது, பாதை. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். 2022 கடைசியில் காவிரிப் பாலம் பராமரிப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கும் வரை, அக்கரைக்குப் போய் வருவது என்ன பாடு என்பது இந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு வீடு தில்லைநகரில், அடுத்த வீடு ஸ்ரீரங்கத்தில், மறுபடி உறையூரில் என்று ஓடினால் பெட்ரோலும் போகும், நேரமும் போகும். வாரத்தில் இரண்டு நாளை ஸ்ரீரங்கம், திருவானைக்காவலுக்கு என்றே ஒதுக்கலாம். சித்திரைத் தேர் அன்று சித்திரை வீதிக்குள் ஏணி கட்டிய பைக் நுழைய முடியாது. அந்தத் தேதியும் முன்கூட்டியே தெரிந்ததுதானே?

'ஜனவரியில யார் சார் கூப்பிடுவாங்க?'

கடைக்காரர்கள் சொல்லும் நியாயமான பதில் இது. குளிரும்போது ஏசி ஞாபகம் யாருக்கும் வராது. "இப்ப சர்வீஸ் பண்ணா மே மாசத்துக்குள்ள மறுபடி தூசி ஏறிடாதா?" என்றும் வாடிக்கையாளர் கேட்பார்.

தூசி ஃபில்டரில் ஏறும். அதை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரரே குழாயடியில் கழுவிவிடலாம். ஐந்து நிமிட வேலை. லீக், பலவீனமான கெபாசிட்டர், அடைத்த டிரெயின், துருப்பிடித்த ஸ்டாண்ட், சூடேறும் பிளக் பாயின்ட் ஆகியவற்றைத்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்கணும். திருச்சியில் ஜனவரி மதியம்கூட 30 டிகிரியை ஒட்டி இருக்கும் என்பதால் ஏசியை ஓடவிட்டுச் சோதிப்பதிலும் சிரமம் இல்லை. ஃபேனும் டியூப்லைட்டும் மட்டும் இருந்த காலத்தில் வயரிங் செய்த பழைய வீடுகளில், ஏசிக்குத் தனி லைனும் எம்சிபியும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விலையிலும் வித்தியாசம் காட்டலாம். தை, மாசியில் ஒரு ரேட், சித்திரை, வைகாசியில் ஒரு ரேட். அதை மறைக்காமல் தமிழில் அச்சடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடணும். கேஸ் ஏற்ற எவ்வளவு, லீக் பார்க்க எவ்வளவு, ஸ்டாண்ட் மாற்ற எவ்வளவு என்று எல்லாமே. மாடியில் ஏறிய பிறகு விலை சொல்கிற பழக்கம்தான் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்திருக்கிறது.

இதில் கடைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஐடிஐ-யில் இரண்டு வருஷம் குளிர்சாதனப் பிரிவு படித்து, கடையில் இரண்டு மூன்று வருஷம் கை பழகிய பையன், ஐப்பசி, கார்த்திகையில் சம்பளம் சரியாக வராவிட்டால் சென்னைக்கோ துபாய்க்கோ கிளம்பிவிடுவான். திருச்சி விமான நிலையத்தில் இருந்தே வளைகுடாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. வேலையை ஜனவரி முதலே பரப்பினால் நல்ல மெக்கானிக்குக் கூடுதலாகச் சில மாதங்கள் நிலையான சம்பளம் தர முடியும். சீசனுக்கு மட்டும் ஆள் பிடிக்கும் கடைக்கு, சீசனுக்கு மட்டும் கிடைக்கும் ஆள்தான் வருவார்.

வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மே மாதம் போனில் சர்வீஸ் புக் செய்கிறவர்கள் பலர். அதே போனை பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது செய்யலாம். பக்கத்தில் நின்று, எந்த வேலை நடக்கிறது என்று பார்க்கவும் முடியும். அழுக்கு ஏறிய ஏசி அதிக நேரம் ஓடும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்வாரியத்தின் கட்டண அடுக்கே மாறிவிடும். 2020 முதல் விற்கும் ஸ்டார் ரேட்டிங் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதை 18-க்கு இறக்காமல் விட்டாலே மின்சாரம் கணிசமாக மிச்சமாகும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

யார் வீட்டுக்கு முதலில்?

எவ்வளவு தயாரானாலும் மே மாதத்தில் ஏசி பழுதாகத்தான் செய்யும். ஒரே நாளில் இருபது போன் வரும். இப்போது யார் வீட்டுக்கு முதலில் ஆள் போகிறது? யார் அதிகம் கத்துகிறாரோ, யார் கூடுதல் காசு தருகிறேன் என்கிறாரோ, யார் கூகுளில் ஒரு ஸ்டார் போடுவேன் என்று மிரட்டுகிறாரோ அவர் வீட்டுக்கு. எண்பது வயதுப் பெரியவர் படுத்திருக்கும் வீட்டு அம்மா பத்து மணியில் இருந்து பொறுமையாகக் காத்திருக்கிறார்.

இந்த வரிசையை மாற்றுவதுதான் ஒரு நல்ல கடையின் அடையாளம். முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் வீடு முதலில். மற்றவர்களுக்கு நேர்மையான தேதி. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு முதல் வீடு உங்களுதுதான் சார், இன்னைக்கு முடியாது" என்று சொன்னால் சிலர் வேறு கடைக்குப் போவார்கள். பலர் காத்திருப்பார்கள். பாலத்து டிராஃபிக் கதையைக் கேட்டு ஏமாந்தவர்கள்தான் திரும்பி வர மாட்டார்கள். ஆனால் இப்படி வரிசைப்படுத்த, வீடு வீடாக எழுதிய அந்த நோட்டு வேண்டும். அவசரத்துக்கு ஒரு ஜோடி கையில் இருக்க வேண்டும். இரண்டுமே ஜனவரியில் வேலையைத் தொடங்கிய கடையிடம்தான் இருக்கும்.

மே மாதம் வாடிக்கையாளர் கடைக்குப் போடும் போனை, ஜனவரியில் கடை வாடிக்கையாளருக்குப் போடணும். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். "வணக்கம்மா, ஏசி கடையில இருந்து பேசறோம். போன வருஷம் ஏப்ரல் கடைசில உங்க வீட்டு ரூம் ஏசிக்கு கேஸ் ஏத்தினோம். லீக் இருக்கான்னு இப்பவே பார்த்துடலாம். வர்ற புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு வரட்டுமா?"